செக்ரோலும் இணையதளமும்

தோட்டத்துக் கணக்கு முன்னாடி கிராணியோட செக்ரோலில் இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டப்படி கோலாலம்பூருக்கு வந்த இந்திய அரசின் ஏஜெண்டு, தொழிலாளர்களின் கூலியையும் சாவையும் ஆண்டறிக்கையில் அச்சிட்டார். படித்துக் கேள்வி கேட்க ஆளும் இருந்தது. 1938இல் ஆண்கூலியை 50 காசிலிருந்து 45ஆகக் குறைக்கப் பார்த்தபோது, இந்தியா மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

இன்று அரசின் திறந்த தரவுத்தளத்தில் போர்ட்டிக்சன், ஜெம்போல் என்று மாவட்டம் வரைக்கும் இந்தியர் எண்ணிக்கை கிடைக்கிறது. தோட்டம் கைமாறி வீடமைப்பாக மாறினபோது லயத்துக் குடும்பங்கள் எங்கே போனாங்க? அதுக்கு ஒரு வரிகூட இல்லை. நிலமோ மாநில அரசின் கையில். தகவல் சட்டம் இயற்றியவை சிலாங்கூரும் பினாங்கும்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் டிங்கில்காரர் மனு போடலாம். இந்தப் பக்கம் நீலாய்க்காரருக்கு அந்த உரிமை கிடையாது, கெஞ்சித்தான் கேட்கணும்.