தெய்வீகச் சிட்சை

விசுவாசிக்கு நேரும் துன்பத்தை, தகப்பனாகிய கடவுள் அன்பினால் தரும் பயிற்சியாகக் கொள்ளும் கிறிஸ்தவக் கருத்து. இதன் முதன்மை ஆதாரம் எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். எழுதியவர் யாரென்று நிருபம் சொல்வதில்லை. அதை முதலில் பெற்றவர்கள் விசுவாசத்தின் பொருட்டு நிந்தையும் சொத்திழப்பும் கண்டவர்கள். இரத்தம் சிந்தும் அளவுக்கு இன்னும் போகாதவர்கள். அவர்களுக்கு நீதிமொழிகள் 3ஆம் அதிகாரத்தை நினைவூட்டும் ஆசிரியர், கண்டிக்கப்படுவதே பிள்ளை என்பதற்கு அடையாளம் என்கிறார். நடக்கும்போது அது துக்கமாகவே இருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பாவத்துக்கான தண்டனையைக் கிறிஸ்து ஏற்றுவிட்டார். ஆகையால் விசுவாசிக்கு வருவது பழிவாங்கல் அல்ல, திருத்தம் என்று 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த இறையியலாளர் ஜான் கால்வின் பிரித்துக் காட்டினார்.

கருத்தைப் பிறர்மேல் ஏற்றும்போதுதான் சிக்கல். பழைய ஏற்பாட்டின் யோபு நூலில், துன்புறும் யோபுவிடம் இதையே சொன்ன அவருடைய நண்பர் எலிப்பாஸை முடிவில் கடவுளே கடிந்துகொள்கிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரின் நிலைக்கு அவரோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்று யோவான் 9ஆம் அதிகாரத்தில் இயேசு மறுக்கிறார். எனவே இக்கருத்து நோயாளியின் கட்டிலருகே நின்று பிறர் போதிக்கத்தக்கதன்று. துன்புறுபவர் தாமே வந்துசேர வேண்டிய இடம்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் ‘தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்’ நூலில் இக்கருத்தைத் தெளிவான வாதமாக முன்வைத்தார். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபின் அவர் எழுதிய ‘எ கிரீஃப் அப்சர்வ்டு’ நூலில் அந்தத் தெளிவு ஆட்டம் காண்கிறது. 1961இல் அது புனைபெயரில் வெளியானது.