புறப்படாமலே ஊர் மாறிய ரயில்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டிவிட்டால், லாஸ் வேகாஸிலிருந்து தெற்கே போகும் ஐ-15 நெடுஞ்சாலை மாநில எல்லையில் பிரிம் என்ற சிற்றூர் அருகே அடைத்துக்கொள்ளும். சூதாடவும் கச்சேரி பார்க்கவும் வார இறுதிக்கு வந்த தெற்குக் கலிஃபோர்னியாக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். கலிஃபோர்னியாவுக்குள் நுழைகிற இடத்தில்தான் சாலையில் ஒரு தடம் குறைகிறது. நான்கு மணி நேரப் பயணம் ஆறு, ஏழு என்று இழுக்கும். நெரிசல் நாட்களில் மட்டும் சாலையோரத்தையே இன்னொரு தடமாகத் திறந்துவிடலாம் என்று முடிவு செய்து, 2022-இல் எட்டு கிலோமீட்டருக்கு அதைச் செய்தும் விட்டார்கள்.

இந்த நெரிசலுக்கு மருந்து என்று சொல்லப்படும் அதிவேக ரயிலுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இதுவரை ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை. ஆனால் திட்டமாக அது போய்வந்த தூரம் கொஞ்சநஞ்சமில்லை. பெயர் மாறியது, முதலாளிகள் மாறினார்கள், தொழில்நுட்பம் மாறியது. எல்லாவற்றையும் விட, அது போய்ச் சேர வேண்டிய தெற்கு முனை ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது.

லாஸ் வேகாஸே ரயில் பெற்ற பிள்ளை. 1905 மே 15 அன்று ரயில் கம்பெனி ஒன்று தன் நிலையத்தை ஒட்டிய 110 ஏக்கரை மனை போட்டு ஏலம் விட்டதில்தான் ஊர் தொடங்குகிறது. கம்பெனிக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் கிளார்க், செப்புச் சுரங்க முதலாளி, மொன்டானாவின் செனட்டர். ஊர் இருக்கும் கவுன்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். 1971-இல் பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் யூனியன் பிளாசா என்ற சூதாட்ட விடுதி எழுந்தது. நிலையம் விடுதிக்குள் ஒரு மூலையாகச் சுருங்கியது. தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக்கின் 'டெசர்ட் விண்ட்' வண்டியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்து இறங்குகிறவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையைத் தாண்டினால் போதும், காசு விழுங்கும் இயந்திரங்களின் நடுவில் நிற்பார். சுற்றுலா ரயில் என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த வண்டிக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடித்தது. காரில் வந்தவர் அதற்குள் பாதிப் பணத்தைத் தோற்றிருப்பார். ஆம்டிராக் பணத்துக்குத் திண்டாடிய 1997-இல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே ஸ்பெயினின் டால்கோ கம்பெனி இந்த வழித்தடத்துக்கென்று ஒரு ரயில் தொடரைச் செய்தது. சேவை தொடங்கவே இல்லை. அந்தத் தொடர் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், சியாட்டில் பக்கத்து மழையில் ஓடியது.

அதிவேகக் கனவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் நெவாடாவும் கலிஃபோர்னியாவும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. அன்றைய தெற்கு முனை, டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைம். தொழில்நுட்பம், ஜெர்மனியின் டிரான்ஸ்ரேபிட்: தண்டவாளத்தைத் தொடாமல் காந்த விசையில் மிதந்து மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும் வண்டி. செங்குத்தான மலையையும் அநாயாசமாக ஏறும் என்பதுதான் இங்கே அதன் பெரிய கவர்ச்சி. லாஸ் ஏஞ்சலஸ் சமவெளிக்கும் பாலைவன மேட்டுநிலத்துக்கும் நடுவே கஹோன் கணவாய் கிடக்கிறது. அந்த ஜெர்மன் வண்டி உலகத்தில் வணிகமுறையில் ஓடிய இடம் ஷாங்காய் மட்டுமே, அதுவும் 30 கிலோமீட்டர். இங்கே முதல் கட்டமாக லாஸ் வேகாஸிலிருந்து பிரிம் வரை போடலாம் என்றார்கள். அதாவது, நெரிசல் தொடங்குகிற இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் ரயில்.

2009-இல் இந்த வண்டி திடீரென்று நாடறிந்தது. ஒபாமா அரசின் பொருளாதார ஊக்கத் திட்டத்தில் அதிவேக ரயிலுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒபாமாவின் உரைக்குக் குடியரசுக் கட்சியின் சார்பில் பதிலுரை தந்த லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால், லாஸ் வேகாஸிலிருந்து டிஸ்னிலேண்டுக்கு மிதக்கும் ரயிலா என்று வீண்செலவுக்கு உதாரணமாக இதைத்தான் காட்டினார். சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால் ஏளனம் ஒட்டிக்கொண்டது. உல்லாசப் பயணம் போகிறவனுக்கு வரிப்பணத்தில் ரயில் எதற்கு என்ற கேள்வி அன்றிலிருந்து இந்தத் திட்டத்தை விடவில்லை. அதே உல்லாசப் பயணி காரில் போகும் ஐ-15 எந்தப் பணத்தில் போடப்பட்டது, அந்த எட்டு கிலோமீட்டர் கூடுதல் தடம் யார் காசு என்று கேட்டவர்கள் குறைவு. சாலை என்றால் பொதுத்தேவை, ரயில் என்றால் ஆடம்பரம் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதே ஆண்டில் மிதக்கும் ரயிலுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அதுவரை அதை ஆதரித்து வந்த நெவாடா செனட்டர் ஹாரி ரீட், அப்போது செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், 'டெசர்ட் எக்ஸ்பிரஸ்' என்ற புதிய திட்டத்தின் பக்கம் சாய்ந்தார். அதன் பின்னால் இருந்தவர் ஆண்டனி மார்னெல், பெலாஜியோ போன்ற பெரும் சூதாட்ட விடுதிகளைக் கட்டிய ஒப்பந்தக்காரர். சாதாரண எஃகுச் சக்கர ரயில், தனியார் பணம், அரசிடம் ஒரு டாலரும் வேண்டாம் என்று வந்தார்கள். செலவைக் குறைக்க அவர்கள் செய்த காரியம்தான் விநோதம்: கஹோன் கணவாயைத் தொடாமல், மலைக்கு இந்தப் பக்கமே விக்டர்வில் என்ற ஊரில் பாதையை முடித்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ்காரர் சுமார் 135 கிலோமீட்டர் காரோட்டி, மலையேறி, பாலைவனத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவன் மீதியையும் ஓட்டிவிட மாட்டானா என்று கேட்காத ஆள் இல்லை.

தனியார் பணம் என்ற பேச்சும் நிலைக்கவில்லை. ஐந்நூறு கோடி டாலரை ஒட்டிய கூட்டாட்சி அரசுக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள். குடியரசுக் கட்சியின் பால் ரயனும் ஜெஃப் செஷன்ஸும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். ரயில் பெட்டிகள் அமெரிக்காவிலேயே செய்யப்பட வேண்டும் என்ற விதியும் குறுக்கே நின்றது. 2013-இல் கடன் பரிசீலனை நின்றுபோனது. இதற்குள் பெயர் 'எக்ஸ்பிரஸ்வெஸ்ட்' என்று மாறியிருந்தது. 2015-இல் சீன ரயில்வேயுடன் கூட்டு என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அதே உள்நாட்டுத் தயாரிப்பு விதியைக் காரணம் சொல்லிக் கூட்டை முறித்தார்கள். 2018-இல், ஃபுளோரிடாவில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த பிரைட்லைன் நிறுவனம் திட்டத்தை வாங்கியது.

பிரைட்லைன் செய்த உருப்படியான காரியம் மலை இறங்கியதுதான். இப்போதைய தெற்கு முனை ரான்சோ குகமோங்கா. ஐ-15 சாலையின் நடுத்திட்டிலேயே பெரும்பாலான பாதை, மொத்தம் 350 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 320, பயணம் இரண்டு மணி பத்து நிமிடம். பெருங்கொம்பு ஆடுகள் கடக்க மூன்று மேம்பாலங்கள். வடக்கு முனையில் விடுதிகளின் மையத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, 110 ஏக்கர் வளாகத்தில் நிலையம். 1905-இல் ஏலம் போன அதே அளவு. ஆனால் அங்கிருந்து விடுதிக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். 2023 டிசம்பரில் அரசு 300 கோடி டாலர் மானியம் தந்தது. 2024 ஏப்ரல் 22 அன்று பூமி பூஜை மாதிரி ஒரு விழாவும் நடந்தது.

இத்தனை ஆண்டும் இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களைப் பாருங்கள்: நெவாடா செனட்டர், வேகாஸ் ஒப்பந்தக்காரர், வேகாஸ் வியாபாரிகள். 2019-இல் மட்டும் அந்த ஊருக்கு வந்த விருந்தாளிகள் 4 கோடிக்கும் மேல். விருந்து வைக்கிறவனுக்கு வண்டி அனுப்பும் அவசரம் இருக்கும். விருந்தாளிக்கு அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வார இறுதிச் சமாச்சாரம். லாஸ் ஏஞ்சலஸில் அவன் தலைவலி தினசரி வேலைக்குப் போய்வருவது. ஒரு முனைக்கு மட்டும் ஆசை உள்ள ரயிலை இரண்டு மாநிலங்களுக்கு நடுவே கட்ட முயன்றதுதான் இந்த நீண்ட அலைச்சலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விக்டர்வில், ஹெஸ்பீரியா பக்கத்து ஆட்களில் பலர், வீட்டு வாடகை மலிவு என்று பாலைவன மேட்டில் குடியேறி, தினமும் 'மலைக்குக் கீழே' வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன் கணவாயில் வரிசையாக இறங்கும் கார் விளக்குகள் அவர்களுடையவை. ஹெஸ்பீரியாவில் ஒரு சிறு நிலையம் இப்போதைய திட்டத்தில் இருக்கிறது, இவர்களுக்காகவே. மார்னெல் காலத்தில் செலவு என்று வெட்டிப்போட்ட அந்த மலைத் துண்டுதான் பாதை முழுவதிலும் உள்ளூர்க்காரனுக்குத் தினமும் பயன்படக்கூடிய துண்டு. சுற்றுலா ரயிலா, மக்கள் ரயிலா என்ற சண்டையில் இதை யாரும் முன்னால் கொண்டுவரவில்லை. டிக்கெட் விலை சூதாட வருகிறவரைப் பார்த்து வைக்கப்படுமா, அலுவலகம் போகிறவரைப் பார்த்தா என்பதில்தான் மானியத்தின் நியாயம் இருக்கிறது.

இதற்கிடையே செலவு 1,200 கோடி டாலரிலிருந்து 2,150 கோடிக்கு ஏறிவிட்டது. 2028 ஒலிம்பிக்ஸுக்குள் என்ற வாக்கு 2029 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. மறுபடியும் அரசுக் கடன் கேட்கிறார்கள், 600 கோடி டாலர். பிரைட்லைனின் ஃபுளோரிடா ரயிலோ 2025-இல் கடன் பத்திர வட்டியைத் தள்ளிப்போட வேண்டிய நிலைக்கு வந்தது. எல்லாம் சரியாக நடந்து வண்டி ஓடினாலும், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள்ளிருந்து ரான்சோ குகமோங்கா போக மெட்ரோலிங்க் புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாதையில் பல இடங்களில் இன்னும் ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர்வண்டி வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். அதை இரட்டைப் பாதையாக்க ஆகும் பணத்தைப் பற்றி நெவாடாவில் யாரும் பேசக் காணோம்.