விதையில்லாத மல்லிகை

மதுரையின் பெயரைச் சொல்லும்போதே மல்லிகையின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் நாட்டு வழக்கம். 2013ஆம் ஆண்டில் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நெடுங்காலமாக மக்கள் நாவில் வாழ்ந்த ஒரு பெயர் அன்று சட்டத்தின் முத்திரையையும் பெற்றது. நிக்காஹ் வீட்டில் மணமகளின் கூந்தலில் இருப்பதும், தர்காவில் விரிக்கப்படும் பூப்போர்வையில் இருப்பதும், மீனாட்சியம்மன் கோயில் வாயிலில் முழம் போட்டு விற்கப்படுவதும் ஒரே மலர்தான். எனினும், இந்தக் குண்டுமல்லி காய்த்து விதையாவது அரிதினும் அரிது என்பதை அதைச் சூடுவோருள் எத்தனை பேர் அறிவர்?

விதை இல்லையெனில் வம்சம் எப்படி வளர்ந்தது? மனிதன் கையால் வளர்ந்தது. மதுரைச் சீமையில் இன்று பூக்கின்ற ஒவ்வொரு குண்டுமல்லிச் செடியும் வேறொரு செடியின் கிளை. அந்தச் செடியும் அதற்கு முந்திய ஒன்றின் கிளையே. யாரோ ஒருவர் கொம்பை ஒடித்து, ஈர மண்ணில் ஊன்றி, வேர் பிடிக்கும்வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு ஒரு தலைமுறையில் அற்றுப்போயிருந்தாலும் இந்த மலர் நமக்கு வந்து சேர்ந்திராது.

முல்லையின் நிலை வேறு. அது காட்டில் தானே முளைத்துத் தானே படரக்கூடியது. சங்கப் புலவர்கள் ஒரு திணைக்கே அதன் பெயரைச் சூட்டினர். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அக்கால மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வருணிக்கும்போது பூ விற்போரையும் நம் கண்முன் நிறுத்துகிறது. பூவைச் சூடியவரும் விற்றவரும் ஏட்டில் இடம்பெற்ற அளவுக்குப் பதியம் போட்டவர் இடம்பெறவில்லை. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான். கடைவீதிக்கு வந்த பிறகே அது கண் திறக்கிறது.

இனித் தோட்டத்துக்குச் செல்வோம். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம், மேலூர் வட்டாரங்களிலும், திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதியிலும் மல்லிகைத் தோட்டங்கள் உள்ளன. கார்த்திகையில், அதாவது நவம்பர் மாதக் கடைசியில், செடிக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்திக் கவாத்துச் செய்வார்கள். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மற்றவற்றையெல்லாம் வெட்டி எறிவதைப் புதிதாகக் காண்பவர் மனம் பதைக்கும். ஆனால் மல்லிகை மொட்டு வைப்பது புதுத் தளிரில்தான். பழங்கொம்பை வைத்துக்கொண்டு இரக்கம் காட்டினால் இலைதான் மிஞ்சும். கார்த்திகையில் இரக்கமின்றி வெட்டியவர் வீட்டில்தான் பங்குனி, சித்திரையில் கூடை நிறையும். மார்கழிப் பனியிலோ பூ அருகி, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்நாட்களில் விலை கேட்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

புதுச்செடி உண்டாக்குவது தனிக் கலை. முற்றியும் முற்றாத கொம்பை எடுத்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு நறுக்க வேண்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். வேர் புறப்படுவது அந்தக் கணுவை ஒட்டித்தான். கீழ் இலைகளைக் களைந்து மணலில் ஊன்றி நிழல் தர வேண்டும். வேரில்லாத கொம்பு தண்ணீரை உறிஞ்ச இயலாது. ஆனால் இலையோ ஈரத்தை இழந்துகொண்டே இருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால்தான் அது பிழைக்கும். ஆகவேதான் அக்கினி வெயிலில் இந்த வேலையை யாரும் தொடங்குவதில்லை. கோடையிலேயே மழை இறங்கிவிடும் ஆண்டுகளில் தோட்டக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். ஆனால் மழையே பகையாவதும் உண்டு. களிமண்ணில் நீர் தேங்கினால் ஊன்றிய கொம்பு அடியிலிருந்தே கறுத்து அழுகிவிடும். ஈரமும் வேண்டும், தேக்கமும் கூடாது.

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்திய இடம் மதுரையில் இல்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், கடல் நடுவே இருக்கிறது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் மீன்பிடிக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதே பலருக்குத் தெரியும். அதே ஊரின் மணற்பாங்கான தோட்டங்களில் மல்லிகைக் கொம்புகள் பாத்தி பாத்தியாக ஊன்றப்படுகின்றன. மணல் நீரைத் தேக்காது. கடற்காற்று இலையை வாட விடாது. சில மாதங்களில் வேர்பிடித்த நாற்றுகளைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பின் வண்டிகள் தீவுக்குள் நேரே சென்றுவர வழி பிறந்தது. மதுரையின் புகழைச் சுமக்கும் செடி பிறப்பது தீவில். அதை வளர்த்து மணம் தருவது மதுரையின் செம்மண். தாய்வீடு ஓரிடம், வாழ்வு ஓரிடம் என்பது நம் பெண்களுக்குப் புதிய செய்தியன்று.

கிளையால் வாழும் செடியின் அருமையை நம் மார்க்க வரலாறு அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். பேரீச்சங்கொட்டையை விதைத்தால் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகப் போய்விடும். காய்க்கும் மரமும் தாயின் சுவையைத் தருமென்ற உறுதியில்லை. எனவே அரபு மக்கள் தாய்மரத்தின் அடியில் எழும் பக்கக்கன்றைப் பிரித்தெடுத்தே நட்டார்கள். மறுமை நாள் வந்துற்றாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததாக வரும் நபிமொழியில் ‘ஃபஸீலா’ என்று குறிப்பிடப்படுவது இந்தப் பக்கக்கன்றுதான். மதீனாவில் அடிமைப்பட்டிருந்த ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்கு எசமானன் கேட்ட விலையில் 300 பேரீச்சங்கன்றுகளும் நாற்பது ஊக்கியா தங்கமும் அடங்கும். தோழர்கள் ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து என்று தத்தம் தோட்டத்துக் கன்றுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஸல்மான் குழிகளைத் தோண்டினார். நாயகம் (ஸல்) தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒன்றேனும் பட்டுப்போகவில்லை. ஒரு மனிதனின் விலங்கை அறுக்கக் கன்று பிரிக்கும் தொழில் துணைநின்ற கதை இது.

இந்த அறிவு பின்னர் ஏட்டிலும் ஏறிற்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற பெருநூலை எழுதினார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட செடிகொடிகளைப் பற்றிப் பேசும் அந்நூல் கிளை ஊன்றல், பதியம், ஒட்டு ஆகியவற்றை விரிவாக விளக்குகிறது; யாஸமீனுக்கும் அதில் இடமுண்டு. நமது குண்டுமல்லியின் தாவரவியல் பெயரிலுள்ள ‘சம்பாக்’ என்ற சொல்லும் அரபியிலிருந்து சென்றதே. பழைய அரபு மருத்துவ நூல்களில் ‘ஸன்பக்’ என்பது மல்லிகைத் தைலத்தைக் குறித்தது. 1753இல் லின்னேயஸ் அதையே இச்செடிக்குப் பெயராக்கினார். இன்றைய அரபியில் அச்சொல் வேறு மலரைக் குறிக்கிறது. நம் மல்லிகையை அரபு மக்கள் ‘ஃபுல்’ என்கிறார்கள்.

கிளையால் பெருகும் செடியை எந்த மன்னனாலும் தனக்கென்று அடைத்துவைக்க முடியாது என்பதற்கும் மல்லிகையே சான்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் டஸ்கனி நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோவுக்குக் கோவாவிலிருந்து அடுக்குமல்லி சென்று சேர்ந்தது. பிளாரன்சுக்கு அருகே காஸ்டெல்லோ மாளிகைத் தோட்டத்தில் அதற்கென்றே குளிர்காப்பு அறை ஒன்று இருந்தது. ஒரு கிளையும் வெளியே போகலாகாது என்று அவர் தடை விதித்தாராம். தோட்டக்காரன் ஒருவன் தன் காதலிக்கு ஒரு கொத்தைக் கொடுக்க, அவள் அதை ஊன்றி வளர்த்துவிட்டாள் என்பது ஐரோப்பியர் சொல்லும் கதை. கதை எப்படியாயினும், அந்த வகை இன்றும் ‘டஸ்கனி கோமான்’ என்ற பெயரோடு உலகத் தோட்டங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது.

மதுரையைச் சுற்றித் தோட்டங்கள் வீட்டுமனைகளாகி வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஓர் அச்சம் எழுகிறது. நெல்லோ எள்ளோ ஆனால் ஒரு பிடி விதையைக் குதிரில் போட்டு நல்ல காலம் வரும்வரை வைத்திருக்கலாம். மல்லிகையை அவ்வாறு வைத்திருக்க வழியில்லை. மண்ணில் நின்றால்தான் அது உண்டு. அறுபது வயதைக் கடந்த கவாத்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “செடி போனா நாத்து வாங்கிக்கலாம் பாய், வெட்டுற கை போனா எங்க வாங்குறது?” என்றார்.

எங்கள் நன்னிக்கு இந்தச் சாத்திரமெல்லாம் தெரியாது. கொல்லையில் நின்ற மல்லிகையின் தாழ்ந்த கொம்பை வளைத்து, பட்டையை இலேசாகச் சீவி, மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிடுவார். மழை பெய்தால் செங்கல்லைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அடி விழும். வாடகை வீட்டைக் காலி செய்த ஆண்டில், சாமான் வண்டி கிளம்பும் நேரத்தில் அந்தச் செங்கல்லை அவரே அகற்றி, வேரோடு கொம்பை அறுத்து, பழைய வெற்றிலைக் கூடையில் மண்ணோடு வைத்து மடியில் ஏந்திக்கொண்டார். அதன் கிளை மேலூரில் என் தங்கை வீட்டு முற்றத்தில் நிற்கிறது. சென்ற ஆனி மாத மழையில் அதிலிருந்து ஐந்து கொம்புகளை ஊன்றினேன். மூன்று துளிர்த்திருக்கின்றன.