துணைவினைக்கும் முதல்வினைக்கும் இடையே

ஆங்கில பாஷையிலே ஷல், மே, கேன், மஸ்ட் முதலிய துணைவினைகள் இன்று பிறிதொரு வினையைச் சார்ந்தே வழங்குகின்றனவாயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவற்றுட் பல தமக்கெனத் தனி அர்த்தம் உடைய முழுவினைகளாகவே விளங்கின. ஷல் கடன்பட்டிருத்தலையும், மே ஆற்றலுடைமையையும், கேன் அறிந்திருத்தலையும் குறித்தன. நாளடைவில் அவற்றின் எச்ச வடிவங்கள் உதிர்ந்துபோகவே, வினைத்தொடரின் முகப்பையன்றி வேறு ஸ்தானம் அவற்றுக்கு இல்லாதாயிற்று. செயப்பாட்டு வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் இரண்டு துணைகள் இருந்தன. 'ஆதல்' எனப் பொருள்பட்ட வெயோர்தன் இடைக்காலத்தில் மறைய, 'இருத்தல்' எனப் பொருள்பட்ட பியோன் ஒன்றே 'பி' என நிலைபெற்றது.

இவ்வாறு 'மஸ்ட் பி ரெட்' (படிக்கப்பட வேண்டும்) என்று மூன்று சொற்கள் அணிவகுத்து நிற்கும்போது, வினையடை எவ்விடத்தில் அமர்வது? வழக்கு தந்த விடை மிக நுட்பமானது. சொல்பவனுடைய தீர்ப்பைத் தெரிவிக்கும் 'செர்ட்டன்லி' (நிச்சயமாக) பெரும்பாலும் மஸ்டை ஒட்டி, 'மஸ்ட் செர்ட்டன்லி பி ரெட்' என்று வரும். செயல் நிகழும் விதத்தைக் காட்டும் 'கேர்ஃபுலி' (கவனமாக) என்பதோ 'மஸ்ட் பி கேர்ஃபுலி ரெட்' என இறுதி வினையை அண்டி நிற்கும். தீர்ப்பு தீர்ப்போடும், விதம் செயலோடும் சேர்ந்த இவ்வொழுங்கு எந்தப் புலவருடைய ஆணையாலும் ஏற்பட்டதன்று என்பதே எனக்குப் பேராச்சரியம் விளைக்கிறது.

பழைய இலக்கண ஆசிரியர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில், வினையடையின் வலிமை அதன் இடத்தைப் பொறுத்தது என்றார். அமெரிக்காவில் வழக்கறிஞராயிருந்து, பின்பு இங்கிலாந்தின் யார்க் நகரையடுத்துக் குடியேறிய லிண்ட்லி மரே, அந்நகரத்துப் பெண்கள் பாடசாலைக்காக எழுதி 1795இல் அச்சேற்றிய நூலிலே, துணைவினைக்கும் முதல்வினைக்கும் இடையில் வினையடை அடிக்கடி வரும் என விதித்து, சபையோர் ஒருவரது பேச்சைக் கவனமாகக் கேட்டமையைச் செயப்பாட்டு வினையிலேயே உதாரணமாகக் காட்டினார்.

இவ்வாறு இடையில் வைப்பதில் அச்சம் புகுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். 'டு' என்னும் சொல்லுக்கும் அதைத் தொடரும் வினைக்கும் நடுவே வினையடையைச் செருகுவதை, கான்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபர்ட் 1864இல் வெளியான தம் நூலில் கண்டித்தார். அக்கண்டனம் பள்ளிகளிலும் பத்திரிகாலயங்களிலும் பரவப் பரவ, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத துணைவினைத் தொடரையும் பிளத்தல் ஆகாது என்று பலர் கருதலாயினர். கருதியவர்கள் வினையடையை முன்னே தள்ளியோ பின்னே ஒதுக்கியோ வாக்கியத்தின் இயல்பான ஓட்டத்தைக் குலைத்தனர்.

இம்மயக்கத்தைத் தெளிவித்தவர் ஹென்றி ஃபௌலர். தம்பி ஃபிராங்குடன் திட்டமிட்ட ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியை, 1918இல் அத்தம்பி மாண்ட பின் தனியே உழைத்து முடித்து, 1926இல் வெளியிட்ட அவர், துணைவினைகள் பலவாயின் சில வேளை முதலாவதை அடுத்தும், பொதுவாகத் துணைக்கும் வினைக்கும் நடுவிலும் வருவதே வினையடைக்கு இயல்பு என்றும், அதை வேறிடத்தில் வைப்பவரே அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்றும் தீர்த்துரைத்தார்.