சொல்லாமல் விட்டவள்

1881 செப்டம்பர் 21 அன்று பிறந்த பிரெஞ்சு ஆணை புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு விருப்பத்தைத் தந்தது. 21 வயது நிறைந்த எவரும், எந்தச் சாதியானாலும் மதமானாலும், தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தபின் திரும்ப முடியாது. இவர்களை ரெனோன்சான்கள் என்றார்கள். இதில் முன்னின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். ஆணையில் 'இருபாலரும்' என்றே இருக்கிறது. ஆனால் அடுத்த வாக்கியத்தில், துறந்தவரோடு அவருடைய மனைவியும் மைனர் பிள்ளைகளும் அதே சட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். அவளிடம் தனியாக யாரும் கேட்கத் தேவையில்லை.

நான் பைதான் சொல்லித்தருபவள். ஒரு ஃபங்ஷனுக்குச் சில ஆர்கியூமென்ட்டுகளைக் கொடுக்கலாம், விட்டும் விடலாம். விட்டால், எழுதியவர் முன்பே வைத்த டிஃபால்ட் மதிப்பு வேலை செய்யும். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை உள்ளே அழைக்கும்போதுதான் தொல்லை. வெளியே இருப்பது, தனக்கு எதுவும் வராவிட்டால் 'நன்' என்ற வெற்று மதிப்பை வைத்துக்கொள்ளும். அதை அப்படியே உள்ளே தள்ளினால், உள்ளே இருப்பது தன் டிஃபால்ட்டைத் தொடாது. யாரோ 'நன்' என்றே சொல்லி அனுப்பியதாக எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் விட்டதும், வெறுமை என்று சொன்னதும் ஒன்றாகிவிடுகின்றன. காமன் லிஸ்ப் மொழியில் இதற்கு வழி உண்டு: ஆர்கியூமென்ட் உண்மையில் தரப்பட்டதா என்பதை ஒரு தனி மாறி குறித்துவைக்கும். பைதானில் அந்த வசதி இல்லை. வந்தவற்றை மட்டும் பொறுக்கி, இரட்டை நட்சத்திரம் போட்டு உள்ளே அனுப்புவோம்.

ஊர் வரலாற்றில் அந்தத் தனி மாறியைத்தான் தேடுகிறேன்.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியர் ஆனார்கள், அது டிஃபால்ட். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித்தர வேண்டும். 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு. அவர் இறந்திருந்தால் அம்மாவுடையது. இருவரும் இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளருடையது. நிரல் எழுதுபவளுக்கு இது பழகிய சங்கிலி: முதல் மதிப்பு இருந்தால் அடுத்ததைப் பார்க்கவே மாட்டோம். அப்பா உயிரோடிருக்கும் வீட்டில், பிள்ளைகளைப் பற்றி அம்மா என்ன நினைத்தாள் என்பது எந்தத் தாளிலும் ஏறாது.

எழுதித்தராத பெண்களின் மௌனத்தை எப்படி வாசிப்பது? இந்தியாவே வேண்டும் என்றிருந்தவளும், படிவம் ஒன்று இருப்பதே தெரியாதவளும், கணவன் வேண்டாம் என்றதால் வாய் மூடியவளும் பதிவேட்டில் ஒரே வெற்றிடம்தான். ஆவணத்தை மட்டும் நம்பும் வரலாற்றாசிரியர்கள் அந்த வெற்றிடத்தைச் சம்மதம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்புதலில்லை.

இந்த விதியை ஃபங்ஷனாக எழுதும்படி மாணவிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுண்டு. 16 வயது தாண்டிய, மணமான ஆண் பிள்ளை தானே தேர்ந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொல்வதையும் அதில் சேர்ப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி கேட்பாள்: மணமான 17 வயதுப் பெண்ணைக் கொடுத்தால்? மணமாகிவிட்டதால் அப்பாவின் வரியில் அவள் இல்லை. ஆண் அல்லாததால் இந்த வரியிலும் இல்லை. ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராமல் முடிகிறது. திரையில் 'நன்' என்று வருகிறது.