தொடக்க மானியமும் இறுதிப் பொறுப்பும்: அமெரிக்கச் சார்ட்டர் பள்ளிகளுக்கான கூட்டாட்சி நிதி

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஒரு சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி தரவோ, அதை ரத்து செய்யவோ வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் அத்தகைய பள்ளிகள் தோன்றுவதற்கும் பெருகுவதற்கும் 1994 முதல் கூட்டாட்சி அரசு தனி மானியம் தந்துவருகிறது. தொடங்குவதற்கான செலவை ஏற்கும் இத்திட்டம், பள்ளி திறக்கப்படாமல் போனாலோ இடையில் மூடப்பட்டாலோ பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் யார் பதில் சொல்வது என்பதைப் போதிய அளவு வரையறுக்கவில்லை. ஒதுக்கீட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதத்தைவிட இக்கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திட்டத்தின் தோற்றம்

ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷேங்கர் 1988-இல் சார்ட்டர் பள்ளி என்ற கருத்தைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தார். மின்னசோட்டா மாநிலம் 1991-இல் அதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் 'சிட்டி அகாடமி' திறக்கப்பட்டது. சார்ட்டர் பள்ளி கட்டணம் வாங்காத பொதுப்பள்ளிதான். ஆனால் மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் அன்றாடக் கட்டுப்பாட்டில் அது இருப்பதில்லை. அனுமதி தரும் அமைப்போடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இயங்குகிறது. சுதந்திரம் தரப்படும், அதற்கு ஈடாக விளைவு காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பள்ளி மூடப்படும் என்பதே அதன் அடிப்படை உடன்பாடு.

கிளிண்டன் ஆட்சியில் 1994-இல் சட்டமான மானியத் திட்டத்துக்கு முதலாண்டு ஒதுக்கீடு 60 லட்சம் டாலர். 2019 முதல் 2024 வரை அது ஆண்டுக்கு 44 கோடி டாலராக நிலைத்திருந்து, 2025-இல் 50 கோடியானது. 2021-இல் நாடெங்கும் ஏறத்தாழ 37 லட்சம் மாணவர்கள் சார்ட்டர் பள்ளிகளில் படித்தனர்.

பணம் செல்லும் வழிகள்

இன்று நடப்பில் உள்ள விதிகள் 2015-இன் 'ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறும் சட்ட'த்தைச் சேர்ந்தவை. மொத்த ஒதுக்கீட்டில் 12.5 விழுக்காடு கட்டட வசதிகளுக்குப் போகிறது. கடன் வாங்கும் பள்ளிகளுக்கு உறுதியளித்து வட்டிச் சுமையைக் குறைக்கும் உதவியும் அதில் அடங்கும். குறைந்தது 22.5 விழுக்காடு தேசிய அளவிலான பணிகளுக்குச் செல்கிறது. பல பள்ளிகளை நடத்தும் மேலாண்மை அமைப்புகள் தம் கிளைகளைப் பெருக்கப் பெறும் மானியமே அதில் பெரும்பங்கு. மீதி மாநில அளவிலான அமைப்புகளுக்கு. மாநிலக் கல்வித் துறை, ஆளுநர், மாநிலச் சார்ட்டர் வாரியம், சார்ட்டர் ஆதரவு அமைப்பு ஆகிய எதுவும் இதற்குப் போட்டியிடலாம். பெற்ற தொகையில் குறைந்தது 90 விழுக்காட்டைத் துணை மானியமாகப் பள்ளிகளுக்கு அளிக்க வேண்டும். குறைந்தது 7 விழுக்காடு தொழில்நுட்ப உதவிக்கு. நிர்வாகச் செலவு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மானியம் பெறாத மாநிலத்தில் பள்ளி தொடங்க விரும்புவோர் நேரடியாகக் கூட்டாட்சிக் கல்வித் துறைக்கே விண்ணப்பிக்கலாம்.

இந்த மானியத்தின் தேவை மறுக்க முடியாதது. மாநில அரசு தலைக்கு இவ்வளவு என்று தரும் நிதி, பிள்ளைகள் சேர்ந்த பிறகே வரும். ஆனால் ஆசிரியரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர வேண்டும். மேசையும் நூல்களும் வாங்க வேண்டும். கட்டடத்தைச் செப்பனிட வேண்டும். பெற்றோரைச் சந்திக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவது துணை மானியம். அது இல்லையென்றால் செல்வர்களின் ஆதரவு உள்ள அமைப்புகள் மட்டுமே பள்ளி தொடங்க முடியும். தம் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டுமென முனையும் எளிய ஆசிரியர் குழுவுக்கு வேறு வாசல் கிடையாது.

பிரிந்து கிடக்கும் பொறுப்பு

பணம் தருவது வாஷிங்டன். பங்கிடுவது மாநில அமைப்பு. பள்ளிக்கு அனுமதி தந்து மேற்பார்வை செய்வது, பெரும்பாலும், மூன்றாவதொரு அமைப்பு. பள்ளி நன்றாக நடக்கும்போது மூவரும் பெருமை கொள்ளலாம். சரியும்போது ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டலாம்.

இது கற்பனையான அச்சம் அன்று. கல்வித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2012-இல் வெளியிட்ட தணிக்கை அறிக்கை, இம்மானியங்கள் மீதான துறையின் கண்காணிப்பு போதாது என்றது. 2018-இல் அதே அலுவலகம் மூடப்பட்ட பள்ளிகளை ஆராய்ந்தது. அரிசோனா, கலிபோர்னியா, லூசியானா ஆகிய மாநிலங்களில் கூட்டாட்சி நிதிக் கணக்குகளை முடிப்பதிலும், அந்நிதியில் வாங்கிய பொருள்களை அப்புறப்படுத்துவதிலும், மாணவர் ஆவணங்களைப் பாதுகாப்பதிலும் விதிகள் எப்போதும் பின்பற்றப்படவில்லை என்று அது கண்டது. கணக்கு முடியாதது பண நஷ்டம். ஆவணம் தொலைவதோ, அடுத்த பள்ளியின் வாசலில் நிற்கும் பிள்ளையின் கல்விக்கே நேரும் தீங்கு.

சட்டத்தின் சொற்களிலும் ஓர் இடைவெளி உண்டு. துணை மானியம் கேட்பவர் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. அனுமதிக்கு விண்ணப்பித்து, அனுமதி தரும் அமைப்புக்கு முறைப்படி தெரிவித்திருந்தாலே தகுதி உண்டு. திட்டமிடலுக்கு 18 மாதம் வரை செலவிடலாம். ஆகவே, ஒருநாளும் திறக்காத பள்ளிக்கும் பொதுப்பணம் போய்ச் சேர வழியிருக்கிறது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது. கூட்டாட்சிப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மானியம் பெற்ற சார்ட்டர் பள்ளிகள் அவற்றை ஒத்த பிற சார்ட்டர் பள்ளிகளைவிடப் பொதுவாகக் குறைவாகவே மூடப்படுகின்றன என்று காட்டியது. திட்டமே வீண் என்போருக்கு இது தக்க விடை. ஆனால் குறைவாக மூடப்படுவது வேறு, மூடப்படும்போது ஒழுங்காக மூடப்படுவது வேறு. முன்னதற்கான சான்று பின்னதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, மூடல் என்பது இம்முறையின் இயல்பான பகுதி என்பது. ஆம், ஒப்புக்கொண்ட விளைவைத் தராத பள்ளி மூடப்படத்தான் வேண்டும். மூடல் இயல்பானது என்றால் அதற்கான ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே இயல்பாக இருக்க வேண்டும். மூடப்படும் பள்ளியின் மாணவரை வேறு நல்ல பள்ளிகளில் சேர்க்கும் நடைமுறையைச் சட்டம் பேசுகிறது. தனி நிதியும் உரிய பொறுப்பாளரும் இல்லாவிட்டால் அது காகிதத்தில் நின்றுவிடும்.

மூன்றாவது, நிபந்தனைகளைக் கூட்டுவது மாநில உரிமையில் தலையீடு என்பது. நாடாளுமன்றம் நிதி தரும்போது நியாயமான நிபந்தனை விதிக்கலாம் என்பதைத் தெற்கு டகோட்டா எதிர் டோல் வழக்கில் 1987-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. இலவசக் கல்வி, சமயச் சார்பின்மை, இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது குலுக்கல், ஆண்டுத் தணிக்கை ஆகியவை ஏற்கெனவே இத்திட்டத்தின் நிபந்தனைகள்தாம். மேலும், 2022-இல் கல்வித் துறை கொண்டுவந்த விதிகளைச் சார்ட்டர் ஆதரவாளர்கள் எதிர்த்ததற்கு முதன்மையான காரணம், ஒரு பகுதிக்குப் புதிய பள்ளி தேவையா என்று நுழைவிலேயே கேட்டதுதான். இங்கே முன்வைக்கப்படுவது நுழைவைக் குறுக்கும் நிபந்தனை அன்று. முடிவை ஒழுங்குபடுத்தும் நிபந்தனை.

பரிந்துரைகள்

முதலாவதாக, அனுமதி கிடைக்கும்வரை திட்டமிடலுக்கான சிறு தவணை மட்டும் தரப்பட வேண்டும். பொருள் வாங்குவதற்கும் கட்டடப் பணிக்குமான தொகை அனுமதிக்குப் பிறகே விடுவிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு துணை மானியத்திலும் ஒரு சிறு பங்கை மாநில அமைப்பு தன்னிடமே நிறுத்திவைத்து, முதல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பள்ளிக்கு அளிக்க வேண்டும். இடையில் பள்ளி மூடப்பட்டால் ஆவணப் பாதுகாப்புக்கும் மாணவர் இடமாற்றத்துக்கும் கணக்கு முடிப்புக்கும் அத்தொகை பயன்பட வேண்டும். மூன்றாவதாக, மூடல் அறிக்கையைக் குறித்த காலத்துக்குள் வெளியிடும் கடமை மாநில அமைப்பையே சாரும் எனச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த போட்டியில் அது கணக்கில் கொள்ளப்பட வேண்டும். நான்காவதாக, தொழில்நுட்ப உதவிக்கான 7 விழுக்காட்டில் முன்னுரிமை, கணக்காளரும் வழக்கறிஞரும் வைத்துக்கொள்ள வசதியற்ற சிறு குழுக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இவை எதற்கும் கூடுதல் ஒதுக்கீடு தேவையில்லை. இருக்கும் பணத்தின் தவணையும் பொறுப்பும் மாறினால் போதும். பள்ளி தொடங்கும் முயற்சிக்குத் துணைநிற்கும் அரசு, அது முடியும் நாளில் பிள்ளைகளுக்கும் துணைநிற்கக் கடமைப்பட்டது. அக்கடமையைச் சட்டத்தில் எழுதாதவரை இம்மானியத் திட்டம் பாதிப் பணியைத்தான் செய்கிறது.