யாழ் மாநகரின் முதற் பெண் மேயர்

நாட்டின் விடுதலை பற்றிப் பேசுவதற்கு மேடைகள் பல உண்டு. நகரத்தின் வடிகால் பற்றிப் பேச மேடையேறுவோர் அரியர். ஆயினும் சாதாரண மக்கள் ஆட்சி என்பதை நாள்தோறும் அநுபவித்து அறிவது கிணற்றடியிலும் சந்தையிலும் தெருவிளக்கின் கீழுமேயாகும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கற் பாறையினூடே ஊறி நிற்கும் மழைநீரே குடாநாட்டின் உயிர்நீர். அக்கிணற்று நீரோடு கழிவுநீர் கலவாது காப்பது இங்கே வாழ்வா சாவா என்ற பிரச்சினை. அந்நகரின் மேயர் ஆசனத்தில் முதன்முதல் அமர்ந்த பெண்மணி சரோஜினி யோகேஸ்வரன். தேர்தல் முடிந்து நான்கு மாதங்கள் நிறையுமுன்னரே அவர் கொல்லப்பட்டார்.

இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1931இல். அதற்காக 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றிய காலத்தில், அக்கோரிக்கையை வன்மையாக எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்த அதே பெரியார்தாம் அவர்! படித்த பெண் வேண்டும், வாக்களிக்கும் பெண் வேண்டாம் என்பது அன்றைய மேட்டுக்குடியின் நீதி போலும். 1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தமையால், வடபகுதிப் பெண்கள் சட்டசபைக்கு வாக்களிக்க 1934ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையில் 1932இலேயே நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி சட்டசபைக்குத் தெரிவானார். ஆனால் அவரைத் தெரிந்தெடுத்தது கொழும்பு வடக்குத் தொகுதி, யாழ்ப்பாணம் அன்று.

யாழ்ப்பாண நகரம் 1949இல் மாநகரமாயிற்று. சாம் சபாபதி முதல் மேயரானார். அன்றிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் அவ்வாசனத்தில் ஆண்களே அமர்ந்தனர். அவர்களுட் பலர் வழக்கறிஞர்கள். அச்சபை செய்த நற்காரியங்களுள் தலையாயது பொது நூல்நிலையம். 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி, ஊரார் உழைப்பாலும் பொருளாலும் வளர்ந்து, 1959இல் அழகிய கட்டடமாகத் திறக்கப்பட்டது. நூல்நிலையத்தை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயின் அதே மாநகரத்தின் மலவாளிகளைத் தலையிலும் வண்டியிலும் சுமந்த தொழிலாளரை எத்தனை பேர் நினைவு கூர்ந்தோம்? அவர்களையும் சேர்த்ததே மாநகர சபையின் வரலாறு.

அவ்வாசனம் இரத்தம் தோய்ந்த ஆசனமாயிற்று. 1975 ஜூலை 27ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கருத்து வேற்றுமையைத் துப்பாக்கியால் தீர்க்கும் வழக்கம் நம்மிடையே அவ்விதம் வேர்கொண்டது.

சரோஜினியின் கணவர் வெ. யோகேஸ்வரன் 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் யாழ்ப்பாணத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். 1981 மே 31ஆம் திகதி இரவு பொலிஸார் நகரில் வெறியாட்டம் ஆடியபோது அவர்களுடைய வீடும் தீக்கிரையாயிற்று. கணவனும் மனைவியும் மயிரிழையில் உயிர் தப்பினர். அவ்வெறியாட்டத்தில்தான் பொது நூல்நிலையமும், அதிலிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் சாம்பராயின. அந்தச் சாம்பரைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளுக்கு அளவில்லை. எரிந்த வீட்டிலிருந்து தப்பிய பெண் அதன் பின் என்ன செய்தாள் என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே.

1989 ஜூலை 13ஆம் திகதி கொழும்பு இல்லத்துக்கு, பேச்சுவார்த்தை என்று சொல்லி விடுதலைப் புலிகளின் தூதுவர்கள் வந்தனர். விருந்தினரைச் சோதனையிட வேண்டாமென்று காவலர்களிடம் கூறியிருந்தவர் யோகேஸ்வரன். வந்தவர்கள் அ. அமிர்தலிங்கத்தையும் அவரையும் சுட்டுக் கொன்றனர், மு. சிவசிதம்பரம் காயத்துடன் பிழைத்தார். அன்று சரோஜினியும் அதே வீட்டில் இருந்தார்.

இதற்குப் பின்னும் ஒரு பெண் பொதுவாழ்வுக்கு வருவாள் என்று யார் எதிர்பார்த்திருப்பர்? வெள்ளைச் சேலைக்குள் ஒடுங்கி மூலையில் இருப்பதே கைம்பெண்ணுக்கு அழகு என்று விதித்த சமூகம் நமது சமூகம். அவரோ தமது அறுபதுகளில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பித் தேர்தலில் நின்றார்.

அன்றைய யாழ்ப்பாணத்தின் நிலையை இளைய வாசகர்கள் அறிய வேண்டும். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்க்கப்பட்டனர். டிசம்பரில் இராணுவம் நகரைக் கைப்பற்றியது. 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் மக்கள் திரும்பியபோது கூரையற்ற வீடுகளும், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடிகளுமே அவர்களை வரவேற்றன. அவ்வாண்டில் நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமற் போயினர். செப்டம்பர் 7ஆம் திகதி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சாவடியில் சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள்.

இந்தச் சூழலில், 1998 ஜனவரி 29ஆம் திகதி அரசாங்கம் உள்ளூராட்சித் தேர்தலை நடத்தியது. குடாநாட்டில் அத்தகைய தேர்தல் நடந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. வாக்களித்தோர் தொகை சொற்பம். இராணுவ முற்றுகைக்குள் நடந்த தேர்தல் உண்மையான ஜனநாயகமாகுமா என்று கேட்டவர்கள் கேட்டது நியாயமே. கொழும்பு அரசு உலகத்தின் முன் காட்டுவதற்கு ஒரு பூச்சு தேடியது என்பதையும் நாம் மறுக்கவில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் அரசியலோ நிலவுடைமையும் நீதிமன்ற வாதமும் கலந்த பழைய அரசியல். அதிலும் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் முற்றுகை நீங்கும்வரை குப்பை காத்திருக்குமா? காலரா காத்திருக்குமா? இராணுவத் தளபதியிடம் மனுக் கொடுப்பதைவிடத் தாம் தெரிந்தெடுத்த ஒருவரிடம் முறையிடுவது மக்களுக்கு மேலானதன்றோ? சரோஜினியின் பக்கத்தில் உள்ள நியாயம் இதுவே. இது சிறிய நியாயமன்று.

23 ஆசனங்களுள் 9 பெற்ற கூட்டணி தனிப்பெருங் கட்சியாயிற்று, சரோஜினி மேயரானார். பெருமையும் பாதுகாப்பும் உள்ள காலமெல்லாம் பெண்ணுக்குக் கிட்டாத ஆசனம், அதில் அமர்வது உயிருக்கு ஆபத்தான காலத்தில் கிட்டியது. யாழ்ப்பாணச் சமூகத்தின் முற்போக்குக்கு இதைச் சான்றாகக் காட்ட முனைவோர் இந்தக் காலக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஆயுதக் காவலை அவர் ஏற்க மறுத்தார். சீருடைக்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்கு, மகனைக் காணாத தாய் எப்படித் துணிந்து வருவாள்? காவலைத் தளர்த்திக் கதவைத் திறந்ததால் என்ன நேர்ந்தது என்பதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணாரக் கண்டவர் அவர். அவ்வாறிருந்தும் கதவு திறந்தே இருந்தது. 1998 மே 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அக்கதவின் வழியே வந்த இளைஞர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். சங்கிலியன் படை என்ற பெயரில் ஓர் அமைப்பு உரிமை கோரியது. விடுதலைப் புலிகளின் கைவேலையே இது என்பது பரவலான முடிபு.

அடுத்து மேயரானவர் பொன். சிவபாலன். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் திகதி நல்லூரில் மாநகர சபை அலுவலகத்தில் குண்டு வெடித்து அவரும், இராணுவ, பொலிஸ் அதிகாரிகளும் மாண்டனர். அக்கூட்டம் கூடியது நகரின் போக்குவரத்து ஒழுங்குகளைப் பேசுவதற்கு! பின்னர் மேயராயிருந்த ந. ரவிராஜ், பாராளுமன்ற உறுப்பினராகிய பின் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுடப்பட்டார். அவருக்குப்பின் மேயரான செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். 2003 பெப்ரவரியில் புனரமைக்கப்பட்ட நூல்நிலையத்தை அவர் திறந்து வைக்கவிருந்த வேளையில் புலிகளின் எதிர்ப்பால் விழா நின்றது. உறுப்பினர்கள் பதவி விலகினர். அவர் பெயர் அக்கட்டடத்தின் கல்லில் ஏறலாகாது என்ற சாதி எண்ணமும் பின்னணியில் இருந்ததென அன்றே பலர் குற்றஞ்சாட்டினர், சம்பந்தப்பட்டோர் மறுத்தனர்.

போர் முடிந்த 2009இல் யோகேஸ்வரி பற்குணம் மேயரானார். உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென்ற சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதிலும் பெண் உறுப்பினர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 2025 ஜூனில் யாழ் மாநகர சபை மீண்டும் ஒரு பெண்ணை மேயராகத் தெரிந்தது. குடிநீரும் குப்பையும் வடிகாலும் இன்னமும் அச்சபையின் முன் இருக்கின்றன.